பூசிய சுவருக்கு வாடகை

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. முன்பு அதில் தண்ணீர் மோட்டாரும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. மோட்டாரை வெளியே மாற்றி, ஒரு பல்பு மாட்டி, ‘மாணவிகளுக்கு மட்டும்’ என்று கேட்டில் அட்டை தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான், அது வாடகை அறை ஆகிவிட்டது. நம் வக்கீல் மூன்று மாதமாக அதில்தான் குடியிருக்கிறாள்.

வக்கீல் என்பது வீட்டில் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். படிப்பது என்னவோ வேதியியல், முதல் வருடம். அப்பா பூச்சு மேஸ்திரி. அம்மா சலவைக்கூடத்தில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் இவள்தான். தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் படுக்க இடமில்லை என்று.

பல்கலைக்கழக விடுதியில் கேட்டதற்கு, “முதல் வருஷத்துக்கு இடம் இல்லை, அடுத்த வருஷம் வா” என்றார்கள். முதல் வருடத்தைத் தெருவில் படுத்து முடித்துவிட்டு வரவா என்று வக்கீல் கேட்டாள். அவர்கள் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். உதவித்தொகை உண்டு, வருடக் கடைசியில் வரும். பசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று மற்ற பிள்ளைகளின் பாடக்குறிப்புகளை நகல் எடுத்துக் கொடுத்து, அதில் வருவதைக் கொண்டு இரவுச் சாப்பாட்டை ஓட்டுகிறாள். காலைச் சாப்பாடு என்ற பழக்கத்தை விட்டுவிட்டாள். அம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.

அறையின் தலைமாட்டுச் சுவர் முழுக்க ஓதம். உப்புப் பூத்து, பச்சை படர்ந்து, கை வைத்தால் ஈரம் ஒட்டும். வக்கீலுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. போனில் அந்த இருமல் மேஸ்திரியின் காதில் விழுந்தது. போன சனிக்கிழமை மனைவியையும் ஒரு மூட்டை சிமென்டையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார். ஓதத்துக்கு மருந்து கலந்து புதிதாகப் பூசினார். மற்ற மூன்று சுவருக்கும் வெள்ளை அடித்தார். ஒழுகின குழாய், பிடிக்காத தாழ்ப்பாள், எல்லாம் சரியாயின. ஞாயிறு மாலை மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் டீ கொடுத்தனுப்பினார். மூன்று பேரும் புதுச் சுவரைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்ததோடு போன வாரம் நின்றோம்.

அந்தச் சந்தோஷம் வியாழக்கிழமை காலை வரைக்கும் தாங்கியது.

*

வக்கீல் சொம்பில் தண்ணீர் மொண்டு சுவரில் தெளித்துக்கொண்டிருந்தாள். புதுப் பூச்சு ஒரு வாரம் தண்ணீர் குடிக்க வேண்டும், பச்சைப் பிள்ளை மாதிரி, வேளை தவறக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம். வீட்டுக்கார அம்மாள் நின்றார். பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

“தப்பா எடுத்துக்காதேம்மா.”

தப்பாக எடுத்துக்கொண்டே தீர வேண்டிய விஷயங்களைத்தான் அவர் இப்படி ஆரம்பிப்பார்.

“சொல்லுங்க ஆன்ட்டி.”

“ரூம் இப்ப பளிச்சுனு ஆயிடுச்சு. நேத்து நீ கிளாசுக்குப் போனப்ப ஒருத்தர் தன் பொண்ணுக்காக வந்து பாத்தார். ரொம்பப் பிடிச்சுப் போச்சு அவருக்கு.”

“என் ரூமையா?”

“என் ரூமை.”

வக்கீல் சொம்பைக் கீழே வைத்தாள்.

“நீ கொடுக்கிறதைப்போல ஒன்றரை மடங்கு தர்றேங்கிறார். அதை நீயே கொடுத்தா நீயே இரும்மா. எனக்கு உன்மேல ஒரு பாசம் இருக்கு. இல்லேன்னா சொல்லிடு. இன்னிக்கு மத்தியானம் முன்பணத்தோட வர்றேன்னிருக்கார்.”

“ஆன்ட்டி, இந்தச் சுவரு எங்கப்பா பூசினது.”

“தெரியுமே. நல்ல கைவேலை.”

“அதுக்கு நீங்க கூலி கொடுக்கலை.”

“அவர் கேக்கலையேம்மா.”

“காலி பண்ணச் சொல்றதுன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்ல?”

“அதெல்லாம் ஒப்பந்தம் போட்டுக்கிட்ட இடத்துல. நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்னு உங்கப்பாதான் அன்னிக்குச் சொன்னார்.” அவர் குனிந்து சுவரைத் தடவிப் பார்த்தார். “வழவழன்னு எப்படி இருக்கு பாரேன்.”

அவர் போன பிறகு வக்கீல் கட்டிலில் உட்கார்ந்தாள். பத்து மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும். பருவத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்தில் இதைவிட மலிவாக ஓர் அறை கிடையாது. அலைந்து அலைந்து கால் ஓய்ந்த பிறகுதான் இந்தப் பொந்தே கிடைத்தது. ஒன்றரை மடங்கு என்றால் அப்பா ஞாயிறும் சாரம் ஏற வேண்டும், அப்போதும் போதாது. அறை போனால் படிப்பும் அதோடு போகும். கணக்கு அவ்வளவு எளிது.

அப்பாவுக்குச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

*

சலவைக்கூடத்தில் விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் இரண்டிரண்டு பேராகத்தான் விட வேண்டும். ஒரு முனையை விட்டால் மறு முனை சுருட்டிக்கொள்ளும். அதனால் அம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க, எதிர்முனையில் நின்ற பெண் இவள் முகத்தைப் பார்த்துத் தானாகவே இயந்திரத்தை நிறுத்தினாள்.

“அழறியா?”

“இல்லம்மா.”

“அழுதா மூக்கு அடைக்கும், வாடகை குறையாது. மூஞ்சியக் கழுவிட்டு உக்காரு. வர்றோம்.”

சூப்பர்வைசர் வழியில் நின்றான். “பாதியில போனா இன்னிக்கு நாள் கூலி உங்களுக்குக் கிடையாது, பாத்துக்கோங்க.”

“அதை நீயே வெச்சுக்கோ தம்பி,” என்று ஏப்ரனைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தாள்.

மேஸ்திரி மூன்றாவது மாடி வெளிச்சுவரில் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார். கீழே வந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் பூச்சுக் கரண்டி நின்றது. சலவைக்கூட நேரத்தில் அவள் எங்கேயும் போகிறவள் அல்ல.

“என்னடி ஆச்சு? பாப்பாவுக்கு என்ன?”

“கீழ இறங்குங்க.”

“சொல்லு முதல்ல!”

“சாரத்துல நிக்கிறவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இறங்குங்க.”

மண்ணில் கால் வைத்த பிறகுதான் சொன்னாள். அவர் நம்பவில்லை. பஸ்ஸில் ஏறியும் நம்பவில்லை.

“நேர்ல பேசினா சரியாயிடும். நல்ல அம்மா. டீயெல்லாம் கொடுத்தாங்கல்ல.”

“அரை டீ. அதையும் தண்ணி கலந்து.”

“நீ எல்லாரையும் சந்தேகப்படுவே.”

“நீங்க யாரையும் சந்தேகப்பட மாட்டீங்க. அதான் நான் உங்க பங்கையும் சேத்துப் படறேன்.”

மேஸ்திரியின் குணம் அப்படி. அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் வேலை முடிந்து கலவை மீந்தால் அதைக் கொட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுப் படி பெயர்ந்திருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் பூசிவிட்டு வருவார்கள். அதற்குக் கூலி பேசுவது கேவலம். அந்த வீட்டுக்காரர்களும் அதை மறக்க மாட்டார்கள். இவருக்குக் கல்யாணச் செலவு வந்தபோது கை கொடுத்தவர்கள் அப்படிப் படி பூசிக்கொண்டவர்கள்தான். உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மகள் குடியிருக்கிற வீட்டுச் சுவரைச் சொந்தச் சிமென்டில் பூசியபோதும் அந்த நினைப்புதான். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளவில்லை.

*

வீட்டுக்கார அம்மாள் போர்ட்டிகோவில் வைத்தே பேசினார். மூன்று பேரும் நின்றார்கள்.

“வாங்க மேஸ்திரி. நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன்.”

“அம்மா, பாப்பா என்னவோ சொல்லுது. சரியாப் புரிஞ்சுக்கலை போல.”

“சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டா. கெட்டிக்காரப் பொண்ணு.”

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. “நாங்க வந்து ரெண்டு நாள் வேலை செஞ்சோமேம்மா. சிமென்டு, மருந்து, வெள்ளை எல்லாம் நம்ம செலவு. பாப்பா இருக்கிற இடம்னுதானே…”

“தப்பா எடுத்துக்காதீங்க மேஸ்திரி. நான் கேட்டேனா?”

மேஸ்திரி கையில் காய்ந்திருந்த சிமென்டைச் சுரண்டினார்.  யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையை இப்படி ஒரு கட்டையாக எடுத்து மண்டையில் போட முடியும் என்று அவருக்குத் தெரியாது.

“அந்தச் சுவரு அப்படியே இருந்திருந்தா, ஏத்தியிருப்பீங்களா?” என்று வக்கீல் கேட்டாள்.

“அந்தச் சுவரோட யாரும்மா கேப்பாங்க?”

“அப்ப எங்கப்பா பூசினதுக்கு நான் அபராதம் கட்டணும்.”

“இப்படிப் பேசினா எப்படி? மார்க்கெட்னு ஒண்ணு இருக்குல்ல?” வீட்டுக்கார அம்மாள் அவளை விட்டு மேஸ்திரியிடம் திரும்பினார். “பாருங்க, எனக்கும் மனசு இருக்கு. ஒரு வழி சொல்றேன். ஓதத்துக்கு மூலமே மாடி பாத்ரூம்தான்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க? அதை மொத்தமாக் கொத்திட்டு, தரை போட்டு, சுவரு பூசிக் கொடுத்துடுங்க. பழைய வாடகையே போதும். பொருளுக்கு வேணா பாதி நான் தர்றேன்.”

அது பத்து நாள் வேலை. இரண்டு ஆள் வேலை. மேஸ்திரி அதைச் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“செய்றேன்மா.”

“அப்பா!”

“நீ சும்மா இரு.”

“எதுக்கு சும்மா இருக்கணும்? இது முடிஞ்சதும் மொட்டை மாடி ஒழுகுதும்பாங்க. அப்புறம் காம்பவுண்டு சுவரு. இந்த வீட்டுல எத்தனை சுவரு இருக்கு பாருங்கப்பா! நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க இங்கயே பூசிக்கிட்டிருப்பீங்களா?”

“வாய மூடு பாப்பா!” பிறந்ததிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. “யாருக்காகச் செய்றேன்? உன் படிப்புக்குத்தானே? எனக்கு ஆசையா அடுத்தவன் பாத்ரூமைக் கொத்தணும்னு?”

“எனக்காகன்னா செய்யாதீங்க.”

“பெரிய மனுஷி ஆயிட்டியா? அப்ப எங்க படுப்பே? சொல்லு, எங்க படுப்பே?”

 வீட்டுக்கார அம்மாள் மாடிப்படிக் கைப்பிடியில் இருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுச் சண்டையைக் காதில் வாங்காதவர் போல.

இதுவரை வாய் திறக்காத அம்மா அறைக்குள் போனாள். கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள்.

“ஏய், என்ன பண்றே?” என்று மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

“நீங்க அந்த வேலைய செஞ்சா, இவளை நான் இங்க விட மாட்டேன். செய்யலேன்னா அவங்க விட மாட்டாங்க. எப்படிப் பாத்தாலும் மெத்தையச் சுருட்டித்தான் ஆகணும். கயிறு எங்க?”

*

மூட்டையும் பக்கெட்டுமாக மூன்று பேரும் போர்ட்டிகோவுக்கு வந்தபோது கேட் திறந்தது. காக்கிச் சட்டையில் ஒருவர் வந்தார். தோளில் துண்டு, விரல்களில் தேய்த்தாலும் போகாத கிரீஸ். பின்னால் ஒரு பெண், புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

அவளைப் பார்த்ததும் வக்கீல் திகைத்தாள். அவளுடைய வகுப்புதான். கடைசி வரிசை. வகுப்பில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பேராசிரியர் வந்து ஐந்து நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள். வக்கீலும் சிரித்திருக்கிறாள்.

“நீயா?” என்றாள் வந்தவள்.

“நீதான் வர்றியா?”

“டெய்லி முதல் பஸ் பிடிச்சு வர்றேன். திரும்பிப் போறதுக்குள்ள ஊரே தூங்கிடுது. அப்பாதான், செமஸ்டர் வரைக்குமாவது ஒரு ரூம் பாக்கலாம்னாரு.”

வக்கீலுக்கு அந்தச் சிரிப்புகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. காது சுட்டது. காலையிலிருந்து இந்த ஒருத்தியைத்தான் அவள் மனத்துக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். பணக்காரி, திமிர் பிடித்தவள் என்றெல்லாம்.

“வாங்க டிரைவர்,” என்றார் வீட்டுக்கார அம்மாள். “சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. இவங்களாவே காலி பண்றாங்க.”

லாரி டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் கை வைத்தார்.

“ஈரமா இருக்கே?”

“ஒரு வாரம் தண்ணி காட்டணும்,” என்று மேஸ்திரி தன்னை அறியாமல் சொன்னார். “கட்டிலை ஒட்டிப் போட்டுடாதீங்க. பாப்பாவுக்குச் சளி பிடிக்கும்.”

“நீங்க பூசினதா? இங்க வேலைக்கு வந்தீங்களா?”

“இல்ல. என் மக இருந்த ரூம்.”

டிரைவர் மூட்டையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த மெத்தையைப் பார்த்தார். நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவசரம் கிடையாது. நிதானமாகக் கேட்டார்:

“எவ்வளவு கொடுத்துக்கிட்டிருந்தீங்க?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு டிரைவர்? அது அவங்க விஷயம்,” என்றார் வீட்டுக்கார அம்மாள். முதல்முறையாக அவர் குரல் ஒரு படி ஏறியது.

தன் கூலியையோ வாடகையையோ நாலு பேர் நடுவில் சொல்லி மேஸ்திரிக்குப் பழக்கமில்லை. வக்கீல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொகையைச் சொன்னார்.

டிரைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அம்மா, இவங்க இதைப்போல ஒன்றரை பங்கு கொடுத்துக்கிட்டிருந்ததாத்தானே என்கிட்ட சொன்னீங்க? ‘இருந்த பொண்ணு கொடுத்த வாடகைதான், உங்களுக்காக ஒரு காசு ஏத்தலை’ன்னு சொன்னீங்களே?”

“ஒன்றரை மடங்கு தர்றேன்னு நீங்கதான் சொன்னதா எங்ககிட்ட சொன்னாங்க,” என்றாள் வக்கீல்.

“நானா? டீசல் போடவே யோசிக்கிறவன் நான். நானா போய் ஏத்திக் கேப்பேன்?”

 அம்மா பேசினாள். சத்தமே இல்லாமல், பக்கத்தில் இருப்பவளிடம் ஊசி கேட்கிற குரலில்.

“ரெண்டு பேரு வயித்துலயும் ஒரே கையால அடிச்சிருக்கீங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது. அப்படித்தானேம்மா?”

“இது என் வீடு,” என்றார் வீட்டுக்கார அம்மாள். “யாருக்கு எவ்வளவுக்கு விடணும்னு நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம். என் பையன் பக்கத்துலதான் இருக்கான். வரச் சொல்றேன். அவன்கிட்ட பேசிக்கோங்க.” போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

டிரைவர் முன்பணத்தைச் சட்டைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டார். “இந்த ரேட்டுக்கு நான் தர மாட்டேன். ஆனா ஒண்ணு மேஸ்திரி, சொல்லிடறேன். எனக்கும் இடம் வேணும். என் மக இப்படியே போனா படிப்புக்கு முன்னாடி உடம்பு போயிடும்.”

“எனக்குத் தெரியாதா,” என்றார் மேஸ்திரி.

தூங்குமூஞ்சி வக்கீலின் பக்கத்தில் வந்து நின்றாள். “நீ போயிட்டு நான் வர்றதுன்னா எனக்கு வேண்டாம்,” என்றாள் மெதுவாக. பையை இறுக்கிக்கொண்டு, “ஆனா நாளைக்கும் முதல் பஸ்ஸை நினைச்சா அழுகையா வருது,” என்றாள்.

அறை ஒன்று. பிள்ளைகள் இரண்டு. எதற்கும் ஏன் என்று கேட்கிறவள், இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். தனக்கு இடம் இல்லை என்று சொன்ன விடுதி நினைவுக்கு வந்தது. இவளுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

தெருமுனையில் ஒரு கார் திரும்பி, இந்தப் பக்கமாக வந்தது.

மேஸ்திரி மனைவியின் கையிலிருந்து மெத்தையை வாங்கினார். அவள் விடாமல் பிடித்தாள்; “கொடுங்கிறேன்” என்று பிடுங்கினார். அறைக்குள் போய், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, மெத்தையைப் பிரித்து விரித்தார்.

“பாப்பா, உள்ள வா. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா.”

“அப்பா, அவங்க பையன்…”

“வரட்டும். ரெண்டு பேரும் உக்காருங்க. புத்தகத்த எடுங்க, படிங்க. யாரு வந்து என்ன சொன்னாலும் எழுந்திரிக்கக் கூடாது.”

அவர் வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

கேட்டுக்கு வெளியே கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஒன்றல்ல, இரண்டு கதவுகள்.